சந்தனப் பொட்டு அரித்த குழல்

எங்கள் வீட்டு ரெட்டைக் குழல் துப்பாக்கியின் இடது குழலில், முன்கட்டைக்குச் சற்று முன்னால், மூன்று சின்னப் பள்ளங்கள் உண்டு. ஒவ்வொன்றும் கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. பார்ப்பவர்கள் துரு என்பார்கள். துருதான், ஆனால் அதைக் கடற்காற்றின் கணக்கில் எழுத முடியாது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு எங்கள் அப்பத்தா ஈரச் சந்தனம் குழைத்து, அதே இடத்தில் மூன்று பொட்டு வைத்து, மேலே குங்குமமும் வைப்பார். அதை மறுநாள் துடைக்க வேண்டும். சில வருஷம் துடைப்பார்கள், சில வருஷம் தீபாவளிக்குத்தான் ஞாபகம் வரும். அப்பத்தா போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது. பொட்டு வைத்த இடம் மட்டும் இரும்பில் அப்படியே இருக்கிறது.

போன மாசம் மதுரையில் துப்பாக்கி ரிப்பேர் பார்க்கும் பாயிடம் கொண்டுபோனபோது, அவர் முதலில் விரல் வைத்த இடமே அதுதான். "இத பாலிஷ் போட்டு எடுத்துடலாம் தம்பி. அப்படியே தோட்டா உக்கார்ற அறையையும் ரீமர் விட்டு நீட்டிட்டா இப்ப வர்ற தோட்டா எதுன்னாலும் போடலாம். புதுசு மாதிரி ஆயிடும்" என்றார். ரீமர் என்பது குழலுக்குள் விட்டு இரும்பைச் சுரண்டும் கருவி. பக்கத்தில் நின்ற என் அத்தை மகன் முகத்தில் வெளிச்சம். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அன்று தொடங்கிய வழக்கு எங்களுக்குள் இன்னும் முழுசாக முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

துப்பாக்கியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு போர். ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமாகப் பன்னிரண்டு குண்டாக உருட்டினால் அதில் ஒரு குண்டு சரியாக நுழையும் குழல் என்பது அந்தப் பெயரின் கணக்கு. வெளியே குதிரை, அதாவது அடித்துத் தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியல், கிடையாது. குழலை மடக்கினால் உள்ளேயே குதிரை ஏறிக்கொள்ளும். 1875இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஆன்சன், டீலி என்ற இருவர் காப்புரிமை வாங்கிய அமைப்பு இது. உலகத்தில் பாதி ரெட்டைக் குழல் துப்பாக்கிகள் இதன் பிள்ளைகள். எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் இதற்கு 'குதிரை இல்லாத துப்பாக்கி' என்றே பெயராம். வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிய காலத்தில் மதுரையில் ஒரு ஏலத்தில் எங்கள் அய்யா, அப்பாவின் அப்பா, எடுத்தது. பெரிய கம்பெனிச் சரக்கெல்லாம் இல்லை. குழல்களுக்கு நடுவே ஓடும் பட்டையில் விற்ற கடையின் பெயர் பாதி அழிந்து, 'மெட்ராஸ்' மட்டும் தெளிவாகத் தெரியும். பாதி எப்படி அழிந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன், அதில் எனக்குப் பெருமை இல்லை.

குழலைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தால் அதன் ஜாதகம் தெரியும். கிரீடத்தின் கீழே பி.வி., கிரீடத்தின் கீழே என்.பி., டைமண்ட் கட்டத்துக்குள் 12, அதன் கீழே சி. பர்மிங்காம் ப்ரூஃப் ஹவுஸ் முத்திரைகள். துப்பாக்கிகளைச் சோதிக்கும் அந்தச் சோதனைச்சாலை 1813 முதல் இருக்கிறது. வழக்கத்தைவிட அதிக மருந்து கட்டிச் சுட்டுப் பார்த்து, குழல் தாங்கினால்தான் முத்திரை அடிப்பார்கள். என்.பி. என்றால் கருமருந்துக்குப் பிறகு வந்த புகையில்லா மருந்துக்கும் சோதித்தது என்று பொருள். இந்த முத்திரை பர்மிங்காமில் 1904இல் வந்தது. 1925க்குப் பிறகு அறையின் நீளத்தையும் பொறிக்க வேண்டும் என்று விதி மாறியது. எங்களுடையதில் நீளம் இல்லை. ஆக, அந்த இருபது வருஷத்துக்குள் பிறந்தது. பாய் கேஜ் விட்டு அளந்தார். 65 மில்லிமீட்டர்.

இந்த 65தான் சண்டைக்குக் காரணம். அந்தக் கால ஆங்கிலத் துப்பாக்கிகளுக்கு இரண்டரை அங்குல அறை. இப்போது மதுரைக் கடையில் கேட்டால், "70தான் இருக்கு சார்" என்கிறார்கள். ஐந்து மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். தோட்டாவைப் போட்டுப் பார்த்தால் இன்னும் குழப்பம், ஏனென்றால் 70 வழுக்கிக்கொண்டு உள்ளே போய் அழகாக உட்காரும். துப்பாக்கியும் டக்கென்று மூடும். மச்சான் அதைத்தான் காட்டினான்: "பாரு மாப்ள, போகுதுல்ல?"

போகும். பெட்டியில் போட்டிருக்கும் 70 என்பது தோட்டா வெடித்து வாய் விரிந்த பிறகு இருக்கும் நீளம். சுடுவதற்கு முன் நுனி மடிந்து, 60 மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் இருக்கும். அதனால்தான் நுழைகிறது. சுட்ட நொடியில் அந்த மடிப்பு விரிய இடம் தேடும். 65இல் அறை முடிந்து குழல் கூம்பு மாதிரி குறுகத் தொடங்குகிறது. விரிந்த வாய் அந்தக் கூம்புக்குள் போய்ச் செருகிக்கொள்ள, ரவையும், அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் சின்னச் சின்னக் குண்டுகளும், அடைப்பும் அந்த இடுக்கு வழியே பிதுங்கிப் போக வேண்டும். அழுத்தம் ஏறிவிடும். ஒரு தடவை ஒன்றும் ஆகாமல் போகலாம். பத்துத் தடவையும் ஆகாமல் போகலாம். "எங்க தாத்தா அப்படித்தான் சுட்டாரு" என்று சொல்கிறவர்கள் எல்லாரும் அந்தப் பத்துக்குள் இருப்பவர்கள்.

அப்படியானால் அறையை நீட்டிவிட்டால் சரியாகிவிடுமே? அங்கேதான் நான் நிற்கிறேன். அழுத்தம் உச்சத்தில் இருப்பது அந்த இடத்தில்தான். தோட்டாவுக்கு இடம் கொடுக்க ரீமர் சுரண்டும் இரும்பும் அதே இடத்து இரும்புதான். எதைத் தாங்குவதற்காகக் குழல் அங்கே தடிமனாக இருக்கிறதோ அதையே குறைத்துவிட்டு, முன்னைவிடப் பலமான தோட்டாவைப் போடப் போகிறோம். இங்கிலாந்தில் இந்த வேலையைச் செய்தால் துப்பாக்கியைத் திரும்ப ப்ரூஃப் ஹவுஸுக்கு அனுப்பி, மறுபடி சுட்டுச் சோதித்து, புது முத்திரை வாங்கியாக வேண்டும். வாங்காமல் விற்றால் குற்றம். 1868லிருந்தே அதற்குச் சட்டம் இருக்கிறது. இங்கே நமக்கு இருக்கும் முத்திரை பாயின் நல்ல மனசு ஒன்றுதான். அவர் கைராசிக்காரர், எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் நூறு வருஷத்துக் குழலை யாருடைய நல்ல மனசை நம்பியும் என் கன்னத்தோடு வைத்துச் சுட நான் தயாராக இல்லை.

மச்சான் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அவன் மதுரையில் ஒரு ரைஃபிள் கிளப்பில், மேலே எறியும் மண் தட்டு சுடுகிறான், நன்றாகவே சுடுகிறான். துப்பாக்கி அய்யாவுடையது. அத்தைக்கும் அதில் உரிமை உண்டு. லைசென்ஸ் என் பேரில் இருப்பதற்குக் காரணம், அப்பா இறந்தபோது நான் ஊரில் இருந்தேன் என்பது மட்டும்தான். "சுடாத துப்பாக்கிய வச்சு என்ன பண்ணப் போற? உன் வீட்டு பீரோல அது செத்துக் கிடக்கு" என்பான். கேட்கும்போது சரியாகவே படும். வீணையை யாரும் மாட்டி மட்டும் வைக்க வேண்டும் என்று சொல்ல மாட்டோம், இல்லையா? வாசித்தால்தான் அது வீணை.

ஆனால் இதை எதற்குச் சுடுவது என்று யோசித்தால் எனக்குப் பதில் வருவதில்லை. அய்யா காலத்தில் கண்மாய் நிறைந்தால் தாரா வரும், உள்ளான் வரும். கரம்பையில் கௌதாரி. அவர் சுட்டதை எங்கள் வீட்டில் ஊரோடு சேர்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். 1972இல் வன உயிர்ச் சட்டம் வந்தது, 1991இல் அதைத் திருத்தியதோடு அந்தக் கதை முழுசாக முடிந்தது. எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்துக் கண்மாய்கள் பல இன்று துப்பாக்கிச் சத்தமே கேட்கக் கூடாத இடங்கள். சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தன. சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025இல். அடுத்த மாவட்டத்தில், வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில், பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடிகூட வெடிப்பதில்லை. கருவேலங்காட்டுக்குள் காட்டுப் பன்றி பெருகியிருப்பது உண்மை, வயலை நாசம் செய்வதும் உண்மை. அதற்காக நினைத்த ராத்திரியில் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போய்விட முடியாது. லைசென்ஸில் 'பயிர்ப் பாதுகாப்பு' என்று எழுதியிருப்பதற்கும் பன்றியைச் சுட அனுமதி இருப்பதற்கும் சம்பந்தம் இல்லை.

மேற்கு நாடுகளில், பழைய துப்பாக்கியை மாற்றலாமா என்ற கேள்விக்கு ஒரு நிஜமான அவசரம் இருக்கிறது. தண்ணீரில் விழுந்த ஈய ரவையை வாத்துகள் கூழாங்கல் என்று நினைத்து விழுங்கிச் சாகின்றன. அமெரிக்காவில் 1991 முதல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயம் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈரநிலங்களில் 2023 பிப்ரவரியிலிருந்து தடை. மாற்றாக வந்தது இரும்பு ரவை. ஈயம் மிருது, குழலுக்கு ஏற்ப நசுங்கிக் கொடுக்கும். இரும்பு கொடுக்காது. மெல்லிய பழைய குழலின் வாய் இறுக்கமாக இருந்தால் அங்கே குழலே உப்பிவிடும். அதனால் அங்கே வாயை அகட்டுகிறார்கள், அறையை நீட்டுகிறார்கள், சிலர் பின்பக்கத்தில் இரண்டு மூன்று அங்குலத்தை வைத்துக்கொண்டு மிச்சக் குழலை வெட்டிப் போட்டுவிட்டுப் புதுக் குழாய் செருகுகிறார்கள். இங்கிலாந்தில் அப்படிச் செய்ததில் 'ஸ்லீவ்ட்' என்று முத்திரை குத்தியே ஆக வேண்டும். நெற்றியில் ஒட்டிய மாதிரி, யாரிடமும் மறைக்க முடியாது. இரும்புக்குப் பதில் பிஸ்மத் ரவை போட்டால் இத்தனை வேலையும் மிச்சம், விலைதான் கையைக் கடிக்கும். அந்த ஊர்க்காரன் தன் தாத்தாவின் துப்பாக்கியை மாற்றுகிறான் என்றால் அவனுக்குச் சதுப்பும் வாத்தும் பருவமும் இருக்கின்றன. எனக்கு இருப்பது பீரோ.

இங்கே ஒரு சின்ன விலகல். துப்பாக்கிப் படத்தைப் பார்த்ததும் நம் ஆட்கள் கேட்பது "டமாஸ்கஸா?" என்றுதான். கமுதியில் என் சித்தப்பா முறை ஒருவரிடம் பெல்ஜியத்துக் குதிரைத் துப்பாக்கி ஒன்று உண்டு. குழல் முழுக்கப் பாம்புச் சட்டை மாதிரி வரி. "நம்ம தமிழ் உருக்குடா, அங்க போய் இப்படி ஆயிருக்கு" என்று கல்யாண வீடுகளில் சொல்வார். வாளுக்கு அந்தக் கதை பொருந்தும். தென்னிந்திய உருக்கிலிருந்து டமாஸ்கஸ் வாள்கள் வந்தது உண்மை. துப்பாக்கிக் குழலில் தெரியும் வரி, இரும்புக் கம்பியையும் எஃகுக் கம்பியையும் முறுக்கிச் சுற்றி நெருப்பில் ஒட்டவைத்ததால் வருவது. பெயர் மட்டும்தான் ஒன்று. கருமருந்துக்காகச் செய்த அந்தக் குழலில் இன்றைய தோட்டாவைப் போடக் கூடாது என்று சொன்னால் சித்தப்பா கோபித்துக்கொள்வார். நல்ல வேளை, அவர் தோட்டா வாங்கியே முப்பது வருஷம் ஆயிற்று.

சரி, எங்கள் துப்பாக்கிக்கு வருகிறேன். 'பழசை அப்படியே வைக்கணும்' என்று நான் சொன்னதும் மச்சான் ஒரு கேள்வி கேட்டான். நானே எதிர்பார்க்காத கேள்வி.

"எந்தப் பழசு மாப்ள? கட்டைய பாத்தியா நீ?"

கட்டை பர்மிங்காமில் இருந்து வந்தது இல்லை. 1964 டிசம்பர், தனுஷ்கோடியை விழுங்கிய அதே புயல். எங்கள் வீட்டில் பனஞ்சட்டம் சரிந்து விழுந்ததில் துப்பாக்கியின் வால்நட் கட்டை கழுத்தோடு முறிந்துபோனது. அந்த நிலைமையில் மதுரைக்குப் போய் வால்நட் தேட யாருக்கு நேரம்? அய்யா இரண்டு துண்டையும் கோணிச் சாக்கில் சுற்றிக்கொண்டு மோர்ப்பண்ணையில் வத்தை என்ற நாட்டுப் படகு கட்டும் ஆசாரி ஒருவரிடம் போனார். படகுக்கு வங்கு, அதாவது விலா எலும்பு மாதிரியான உள்சட்டம், அறுக்க வைத்திருந்த வளைந்த பூவரசுக் கட்டையில் அவர் இதைச் செதுக்கிக் கொடுத்திருக்கிறார். இயற்கையாக வளைந்த மரம் என்பதால் நார் கழுத்து வளைவோடு ஓடுகிறது. பார்த்தாலே தெரியும், இனி இன்னொரு சட்டம் விழுந்தாலும் அந்த இடத்தில் முறியாது. கைப்பிடியில் வழுக்காமல் இருக்க உளியால் கட்டம் போட்டிருக்கிறார். பர்மிங்காம்காரன் போட்டிருந்தால் மில்லிமீட்டர் பிசகாது. இதில் ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் அகலமாகவும் இருக்கும், சாயந்திரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று போட்டது மாதிரி. நீளம் அய்யாவின் கைக்கு. எனக்கு ஒரு அங்குலம் குட்டை. தோளில் வைத்தால் மூக்கு பெருவிரலில் இடிக்கும்.

பழம்பொருள் சேகரிக்கும் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, வால்நட்டில் புதுக் கட்டை போட்டு 'ஒரிஜினல் ஆக்கினால்' விலை ஏறும் என்றார். அவருக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. ஒரு பொய்யைப் புதிதாகச் செய்து அதற்கு ஒரிஜினல் என்று பெயர் வைக்கச் சொல்கிறார். இந்தப் பூவரசு அறுபது வருஷமாக இங்கே இருக்கிறது. வால்நட் இருந்ததும் கூடிப்போனால் அவ்வளவு காலம்தான்.

ஆசாரி செய்ததும் மாற்றம்தானே, அதை மட்டும் எப்படிக் கொண்டாடுகிறாய் என்று மச்சான் மடக்கினான். நான் இரண்டு நாள் யோசித்தேன். முறிந்ததை ஒட்டவைத்தது ஒன்று. அப்புறம், பூவரசைக் கழற்றினால் உள்ளே இருக்கும் இரும்பு பிறந்தபடியே இருக்கிறது. ஆசாரி அதில் கை வைக்கவில்லை. மரத்தைத்தான் இரும்புக்குத் தகுந்தபடி செதுக்கியிருக்கிறார். பாயும் போன வாரம் உள்ளே ஒடிந்த ஸ்ப்ரிங் ஒன்றை மாற்றினார். பழையதைக் காகிதத்தில் மடித்துத் தந்துவிட்டார், பீரோவில் இருக்கிறது. இதற்கெல்லாம் நான் மறுப்புச் சொல்லவில்லை. ரீமர் சுரண்டிய தூளை யார் மடித்துத் தருவார்கள்?

சுரண்டுவதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு. கடையின் பெயர் பாதி அழிந்தது என்று சொன்னேனே, அழித்தது நான்தான். 2003. வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்த காலம். பட்டையில் துரு பிடித்திருக்கிறதே என்று மண்ணெண்ணெயும் உப்புத்தாளும் எடுத்து உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் துரு போனது. குழலின் கருநீலமும் போனது. பெயரில் முதல் பாதியும் போனது. 'மெட்ராஸ்' வருவதற்குள் அப்பா பார்த்துவிட்டார். அவர் திட்டவில்லை, உப்புத்தாளை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். இன்றுவரை அந்தக் கடை எதுவென்று எங்களுக்குத் தெரியாது.

அந்தக் கருநீலத்தைத் திரும்பக் கொண்டுவர ஆசைப்பட்டு விசாரித்தபோதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. அந்த நிறமே துருதான்! பழைய முறையில் குழலில் ஒரு அமிலக் கலவையைத் தடவி, ஈரக் காற்றில் வைத்து வேண்டுமென்றே துருப்பிடிக்க விடுவார்கள். அப்புறம் கொதிக்கிற தண்ணீரில் போட்டால் சிவந்த துரு கருப்பாக மாறும். மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு மறுபடி தடவி, மறுபடி கொதிக்கவைத்து, இப்படிப் பல சுற்று. பாக் நீரிணைக் காற்றை நாள் முழுக்கத் திட்டிக்கொண்டிருக்கிற எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. இப்போது பட்டறைகளில் செய்வது வேறு. காஸ்டிக் சோடா கலந்த கொதிக்கும் உப்புக் குளியலில் முக்கி எடுப்பது. ஒற்றைக் குழலுக்குப் பரவாயில்லை. ரெட்டைக் குழலில் இரண்டு குழலையும் நடுப்பட்டையையும் ஈயப்பற்றுதான் சேர்த்துப் பிடித்திருக்கிறது. அந்தக் குளியல் பற்றைத் தின்றுவிடும். வெளியே பளபளவென்று வரும், சில மாசத்தில் பட்டை தனியாக ஆடும். "புதுசு மாதிரி" என்று யாராவது சொன்னால் எந்தக் குளியல் என்று முதலில் கேளுங்கள்.

பராமரிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. அய்யா தேங்காய் எண்ணெய் போடுவார். அது நாள்பட்டால் பிசினாகி உள்ளே எல்லாவற்றையும் ஒட்டவைத்துவிடும், நான் மெஷின் ஆயில்தான். பீரோவில் வாய் கீழே, கட்டை மேலே இருக்கும்படி நிறுத்துகிறேன். நேராக நிறுத்தினால் எண்ணெய் வடிந்து கட்டையின் தலைக்குள் இறங்கி மரத்தை ஊறவைத்துவிடும். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். 2024இல் ஒப்படைத்துவிட்டு வாங்கியபோது, கைரேகை பட்ட இடத்திலெல்லாம் செம்பருத்திப் பூப் போல் துரு. எந்த ஸ்டேஷன் என்று சொல்ல மாட்டேன், அடுத்த தேர்தலிலும் அங்கேதான் போக வேண்டும்.

இந்தச் சீமையில் ஆயுதம் வைத்திருப்பதும் பறிகொடுப்பதும் புதிதில்லை. 1801இல் பாளையக்காரர் போர் முடிந்ததும் கும்பினியார் வீடு வீடாக ஆயுதத்தைப் பறித்தார்கள். ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசத்துக்குப் போனால் மிச்சத்தைக் கண்ணாடிக்குள் பார்க்கலாம். அங்கே வளரியைப் பார்த்துவிட்டு இதை இன்றைய உபயோகத்துக்கு எப்படி மாற்றலாம் என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. துப்பாக்கி என்றதும் கேட்கிறோம், தோட்டா இன்னும் கடையில் கிடைக்கிறது என்பதால்.

மச்சானிடம் கடைசியாக ஒன்று சொன்னேன். உனக்கு மண் தட்டு சுட வேண்டும் என்றால் 70 மில்லிமீட்டர் அறையோடு பிறந்த துப்பாக்கி வாங்கு, முன்பணத்தில் நானும் கொஞ்சம் போடுகிறேன். அய்யா துப்பாக்கியை எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துத் துடை. லைசென்ஸ் ஒருநாள் உன் பேருக்கு மாறினாலும் சம்மதம், ரீமர் மட்டும் கூடாது. அவன் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் தனியாக லைசென்ஸுக்கு எழுதிப் போட்டிருக்கிறான். பாய் மூன்று பள்ளத்தையும் தொடாமல் திருப்பிக் கொடுத்தார். "உங்க இஷ்டம் தம்பி. ஆனா இனிமே சந்தனம் வைக்காதீங்க, ஆழமாப் போச்சுன்னா ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

அதை அம்மாவிடம் சொன்னேன். பொட்டு இல்லாமல் பூஜையில் எப்படி வைப்பது என்று அவருக்கு ஒரே கவலை. இந்த ஆயுத பூஜைக்கு நான் குழலில் செல்லோடேப் ஒட்டி, அதன்மேல் வைக்கச் சொன்னேன். அம்மா டேப்பையும் என்னையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, துப்பாக்கியைத் திருப்பி, பூவரசுக் கட்டையில், ஆசாரி கோணலாகக் கட்டம் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் மூன்று பொட்டு வைத்தார். மறுநாள் துடைத்தேன். மஞ்சள் கறை லேசாக நிற்கிறது.